குதிரையின் இடது காது

மட்டக்களப்பில் ஒருவருடைய முகத்தையும் நினைவில் வைத்துக்கொள்ளாமலே அறுபத்தெட்டு வயதுவரை வாழ்ந்துவிட்ட ஒரே ஆள் பல்லுக்கட்டியார்தான். எதிரே யார் வந்தாலும் வாயைத்தான் பார்ப்பார். மேல்வரிசை தெரிந்தால் ஆளைத் தெரியும். தெரியாவிட்டால் சொந்த மைத்துனரிடமே, "கொஞ்சம் விலகுங்க தம்பி" என்று சைக்கிள் மணியை அடித்துவிட்டுப் போவார். மைத்துனர் வீடு தேடி வந்து சண்டை பிடித்தால், "வாயத் திறந்து சிரிச்சிரிந்தாத் தெரிஞ்சிரிக்குமே. உம்மெண்டு வந்தா நான் என்னத்தக் கண்டுபிடிக்கிற?" என்பார்.

பொய்ப்பல் செய்து கொடுப்பது அவர் தொழில். அவருக்கென்று ஒரு பெயரும் இருந்திருக்கும். பிறப்புச் சான்றிதழைத் தவிர வேறு எவரும் அதைப் பாவித்ததாகத் தெரியவில்லை.

இப்படிப்பட்டவருக்குப் பழைய புகைப்படங்களில் சதுரங்கக் காய்களைத் தேடும் பைத்தியம் எப்படிப் பிடித்தது என்று ஒருநாள் கேட்டேன். மிகவும் நியாயமான பதில் கிடைத்தது.

"அந்தக் காலத்துப் படத்தில மனிசர் ஆரும் வாயத் திறக்கமாட்டாங்க புள்ள. மாப்பிள்ளை, பொம்புள, கிளாக்கர், பாதிரியார், எல்லாரும் இறுக்கி மூடிக்கிட்டு இரிப்பாங்க. பக்கத்து மேசையில செஸ் போட் இரிந்தா, அதில நிக்கிற குதிரைதான் பல்லக் காட்டும். நான் வேற ஆரப் பாக்கிற?"

எங்கள் ஊர்ச் சுவர்களில் அப்படியான படங்கள் நிறைய உண்டு. ஒரு காலத்தில் படம் பிடிக்கப் போகிறவர்கள் பக்கத்தில் ஒரு சதுரங்கப் பலகையை வைத்துக்கொள்வது படித்த மனிதருக்கு அடையாளமாக இருந்திருக்கிறது. ஆடத் தெரியாதவர்களும் தாடையில் விரலை வைத்துக்கொண்டு இருப்பார்கள். பல்லுக்கட்டியார் அந்த மனிதரைத் தாண்டிப் பலகைக்குப் போய்விடுவார். குதிரையின் தாடை எப்படிச் செதுக்கியிருக்கிறது, மந்திரியின் தலையில் வெட்டு எந்தச் சாய்வில் இருக்கிறது, அரசனின் முடியில் சிலுவை உண்டா என்று பார்த்து, காய்கள் மரமா, எலும்பா, எந்த நாட்டுப் பட்டறை, எந்தத் தலைமுறை என்று சொல்லுவார். அதற்கு அவருக்கு மூன்று பொருள்கள் வேண்டும்: ஒரு பூதக்கண்ணாடி, வாய்க்குள் விட்டுப் பார்க்கும் அந்தச் சிறிய வட்டக்கண்ணாடி, மற்றவர்கள் வீட்டுச் சுவர்.

ஒரு செத்தவீட்டில் மாலை போட்டு வைத்திருந்த படத்துக்கு முன்னால் போய் நின்றார். கும்பிடப் போகிறார் என்று எல்லோரும் வழி விட்டார்கள். அவர் மாலையை இரண்டு விரலால் விலக்கி, "மற்றக் கோட்டை எங்க?" என்று கேட்டார். இன்னொருமுறை ஒருவர் தன் தகப்பனாரின் நினைவுநாளுக்கு முகநூலில் படம் போட்டார். கீழே நாற்பது பேர் ஆத்ம சாந்திக்கு வேண்டியிருந்தார்கள். நாற்பத்தோராவதாகப் பல்லுக்கட்டியார் எழுதினார்: "குதிரையின் கீழ்த்தாடை தெளிவில்லை. பெரிதாக்கி அனுப்பவும்."

புளியந்தீவில் ஒரு வீட்டுக்காரர், தன் வீட்டுச் சதுரங்கம் ஒரு வெள்ளைக்காரத் துரையுடையது என்றும், அதுதான் சுவரில் இருக்கும் பழைய படத்திலும் உள்ளது என்றும் சொல்லித் தேத்தண்ணி கொடுத்தார். பல்லுக்கட்டியார் படத்தைப் பார்த்தார். காயைப் பார்த்தார்.

"படத்தில இரிக்கிறது மரம். இது பிளாஸ்டிக். நடு மூக்கால தையல் ஓடுது பாருங்க, அச்சு ரெண்டையும் சேத்த இடம். நான் கட்டுற பல்லிலயும் இப்படித்தான் வரும், நான் உரசிப் போடுவன். இந்தப் படம் எடுத்த நேரம் இந்தக் குதிரை பிறக்கவே இல்ல."

தேத்தண்ணியை இடையில் திருப்பி வாங்கியதாக அந்த வீட்டுக்காரரே பெருமையாகச் சொன்னார்.

இந்த மனிதரைப் பற்றி எழுதலாமா வேண்டாமா என்று மூன்று வருடமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். எழுதினால் என் வேலைக்கே ஆபத்து வரலாம். அது எப்படி என்று சொல்வதற்கு முன் என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

என் ஊர் செட்டிபாளையம். அப்பா வாவியில் வலை வீசுகிறவர். எங்கள் குடும்பத்தில் ஐந்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்துக்குப் போய்ப் பட்டம் முடித்த முதல் ஆளும் நானேதான். பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் கேட்காவிட்டாலும் இதைச் சொல்லிவிடுவேன். பட்டம் முடிந்ததும் நகரத்தில் வாவிக்கரையோரம் இருக்கும் ஒரு பழைய கழகத்தின் வாசிகசாலையில் தற்காலிக உதவியாளர் வேலை கிடைத்தது.

அந்த வருடம் கழகத்துக்கு ஆண்டு விழா. ஒரு புகைப்படக் கண்காட்சியும் ஒரு சிறிய நூலும் தயாரிக்கும் பொறுப்பைச் செயலாளர் சேர் என்னிடம் தந்தார். நூலின் கடைசிப் பக்கத்தில் 'தொகுப்பும் படவிளக்கமும்' என்று போட்டு அதன் கீழ் என் பெயர். எங்கள் குடும்பத்தில் ஒருவருடைய பெயர் வாக்காளர் இடாப்பைத் தவிர வேறெதிலும் அச்சாகியதில்லை. அப்பா தோணியைக் கட்டிவிட்டு வந்து ஒவ்வொரு நாளும் கேட்பார்: "புள்ள, பேர் வந்திட்டா?" ஞாயிற்றுக்கிழமை திறப்பு விழாவுக்கு அம்மாவும் அவரும் வருவதாக இருந்தது. "எல்லாம் நல்லபடியா முடியட்டும் தங்கச்சி. நிரந்தரக் கடிதத்தில நான் கையெழுத்து வைக்கிறன்" என்று செயலாளர் சேரும் சொல்லியிருந்தார்.

கண்காட்சியின் நடுநாயகம் ஒரே ஒரு படம். அலுமாரியில் பழுப்புக் கடித உறைக்குள் கிடந்த கண்ணாடித் தகட்டை நானே ஸ்கேன் செய்து எடுத்தது. கழகத்து விறாந்தையில் ஒரு மேசை. மேசையின் இரண்டு பக்கமும் இரண்டு பேர் சதுரங்கம் ஆடுகிறார்கள். பின்னால் ஐந்து பேர் கோட்டுப் போட்டு நிற்கிறார்கள். உறையின் மேல் எவரோ பழைய எழுத்தில் இடமிருந்து வலமாகப் பெயர்களை எழுதி வைத்திருந்தார். இடப்பக்கம் ஆடுபவர் கழகத்தின் முதல் தலைவர், கோட்டில் வழக்குப் பேசிய ஒரு பிரக்கராசியார். அவர் செயலாளர் சேரின் பூட்டனார், தாத்தாவுக்குத் தகப்பன். வலப்பக்கம் ஆடுபவர் கழகத்து ஸ்டோர் கீப்பர்.

செயலாளர் சேரின் குடும்பத்தில் பூட்டனாருக்கு வேறு படமே இல்லை. கணினித் திரையில் முதன்முதலாக அவரைக் கண்ட அன்று சேர் கண் கலங்கினார். "பாத்தியா தங்கச்சி, அந்த மூக்கு! அப்படியே என்ட மூக்கு!" அடுத்த நாளே ஸ்டூடியோவுக்குப் போய்ப் பக்கவாட்டில் ஒரு படம் எடுத்து வந்து, நூலின் முதல் பக்கத்தில் இரண்டு மூக்கையும் எதிரெதிரே போடச் சொன்னார். போட்டேன்.

படத்தில் உள்ள சதுரங்கக் காய்கள் இன்றைக்கும் கழகத்தில் இருக்கின்றன. பூட்டிய கண்ணாடிப் பெட்டிக்குள். கருங்காலிக் காய்கள் ஒரு பக்கம், வெளிர் மரக் காய்கள் மறுபக்கம். வெள்ளைக் குதிரை ஒன்றுக்கு இடது காது இல்லை. முதல் தலைவர் தோற்ற கோபத்தில் மேசையில் அடித்தபோது உடைந்தது என்பது கழகத்தின் வரலாறு. பெட்டியின் திறப்பு செயலாளர் சேரின் சட்டைப் பையை விட்டு வெளியே வராது.

பல்லுக்கட்டியாருக்கு இந்தப் பெட்டிதான் பல வருடத் தவம். கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நிற்பார். அது ஒரு பேர்போன பட்டறையின் வேலைதான் என்று அவருக்கு நிச்சயம். ஆனால் அந்தப் பட்டறைக்காரர்கள் அரசன் பக்கத்துக் குதிரையின் தலையில் அரிசியளவில் ஒரு முடி முத்திரை குத்துவார்களாம். அதைக் கையில் எடுத்துத் திருப்பினால்தான் தெரியும். "ஒருதரம், ஒரேயொருதரம்" என்று கேட்டுக் கேட்டுக் களைத்திருந்தவரிடம் செயலாளர் சேர் ஒரு பேச்சுப் பேசினார்: படத்தில் உள்ளதும் பெட்டியில் உள்ளதும் ஒரே காய்கள்தான் என்று நூலுக்கு நாலு வரி எழுதிக் கொடுக்க வேண்டும். விழா முடிந்ததும் பெட்டியைத் திறந்து குதிரையைக் கையில் கொடுப்பார்.

அன்று வியாழக்கிழமை. நான்கு மணிக்கு அச்சகத்தில் நூலை ஏற்றுவார்கள். மூன்று மணிக்குச் சேர் வந்து கடைசியாக ஒருதடவை பார்ப்பார். காலை பத்து மணிக்குப் பல்லுக்கட்டியார் நாலு வரியோடு வந்தார். கையெல்லாம் பல் அச்செடுக்கும் வெள்ளை மாவு.

"ஐயா, ஒண்டையும் தொடாம இரிங்க" என்று கதிரையை இரண்டடி பின்னால் இழுத்துப் போட்டுவிட்டுப் படத்தைத் திரையில் பெரிதாக்கினேன். கண்ணாடித் தகட்டில் எடுத்த படம் எவ்வளவு பெரிதாக்கினாலும் கலங்காது. குதிரை திரை முழுக்க வந்து நின்றது. அவர் பார்த்தார். எழும்பிப் பெட்டிக்குப் போய்ப் பார்த்தார். திரும்பி வந்து பார்த்தார். மறுபடி பெட்டிக்குப் போனார். நாலாவது தடவை நானும் எழும்பிவிட்டேன்.

"என்ன ஐயா?"

"இது அந்தக் குதிரை இல்ல."

"காது உடைஞ்சிரிக்கே ஐயா!"

"இஞ்ச பாருகா. பெட்டியில இரிக்கிறதுக்கு இல்லாதது இடது காது. படத்தில இரிக்கிறதுக்கு வலது காது. இது வேற செட். இதே மாதிரி இன்னொண்டு இரிந்திரிக்கு."

"ஒரு காதுதானே. ஆரும் பாக்கமாட்டாங்க."

"நான் பாத்திட்டனே."

அவர் பார்த்துவிட்டார் என்றால் முகநூல் பார்த்துவிட்டது என்று அர்த்தம். கழகத்தின் பெருமையே பொய் என்று ஊர் முழுக்கக் கதை போகும். விளக்கத்தின் கீழ் என் பெயர். அப்பா ஞாயிற்றுக்கிழமை உடுக்கவென்று புதுச் சாரம் வாங்கி வைத்திருந்தார்.

கடைசியாக ஒரு ஆயுதம் எடுத்தேன். "ஒரே செட் எண்டு எழுதாட்டி உங்களுக்குக் குதிரையக் கையில தரமாட்டாங்க ஐயா."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சாரத் தலைப்பில் துடைத்தார். துடைத்ததில் அது இன்னும் மாவாகியது.

"அது தெரியும்" என்றார். கொண்டுவந்த நாலு வரியை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். போகிற போக்கில் திரையைப் பார்த்து இன்னொரு கல்லையும் எறிந்தார். "சரியான விளையாட்டுக்காரன்கள்! செஸ் போட்டக் கூடப் பிழையா வச்சிரிக்கானுகள். ஆடுறவன்ட வலது கைப்பக்கம் மூலையில வெள்ளைக் கட்டம் வரோணும். ரெண்டு பேருக்கும் கறுப்பு இரிக்கு. இவங்களா மறுகா சம்பியன்?"

வெளியே போய் விறாந்தையில் குந்திக்கொண்டார். வீட்டுக்கும் போகவில்லை.

மத்தியானச் சோற்றுப் பார்சலை நான் பிரிக்கவே இல்லை. ஒரு மணி. ஒன்றரை. படவிளக்கத்தில் 'அதே காய்கள்' என்பதை 'அது போன்ற காய்கள்' என்று மாற்றினேன். சேர் பார்த்தால் கொன்றுவிடுவார் என்று திரும்ப மாற்றினேன். மறுபடி மாற்றினேன். பல்கலைக்கழகத்தில் மூன்று வருடம் படித்தது 'அது போன்ற' என்று எழுதுவதற்கா என்று அழுகை வந்தது. அழுதால் திரை தெரியாது என்பதால் அழவில்லை.

இரண்டேமுக்கால் மணிக்கு, பார்ப்பதற்கு வேறு இடமில்லாமல், படத்தில் பின்னால் நின்ற ஐந்து பேரின் கோட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவருடைய நெஞ்சுப் பையில் கைக்குட்டை எட்டிப் பார்த்தது. வலது நெஞ்சில். அடுத்தவருக்கும் பை வலது நெஞ்சில். அதற்கடுத்தவருக்கும். எதிரே சுவரில், முதல் தலைவருக்குப் பிறகு வந்த தலைவர்கள் ஒன்பது பேரின் படம் தொங்குகிறது. நிமிர்ந்து பார்த்தேன். ஒன்பது பேருக்கும் பை இடது நெஞ்சில்.

கண்ணாடித் தகட்டுக்கு இரண்டு பக்கம். இரண்டு பக்கத்தாலும் படம் தெரியும். ஒரு பக்கத்தால் ஸ்கேன் செய்தால் நேர். மறுபக்கத்தால் செய்தால் முகம் பார்க்கும் கண்ணாடியில் தெரிவதுபோல இடம் வலமாகிவிடும். தகட்டை வைத்தது நான்.

படத்தைத் திருப்பினேன். ஒரே ஒரு சொடுக்கு. குதிரையின் இடது காது இல்லாமல் போனது. பலகையின் வலது மூலைக்கு வெள்ளைக் கட்டம் வந்தது. எல்லாப் பைகளும் இடது நெஞ்சுக்குப் போயின.

"ஐயா! அதே குதிரை!" என்று விறாந்தைக்குக் கேட்கக் கத்தினேன்.

அவர் ஓடி வந்து பார்த்தார். தலையில் அடித்துக்கொண்டார். "வாய்க்குள்ள கண்ணாடிய விட்டு நாப்பது வருசமாத் தலைகீழாப் பல்லுப் பாக்கிறன். எனக்கு இது விளங்கல்ல பாரன்!"

நாங்கள் சிரித்தது அரை நிமிடம் இருக்கும். அதற்குள் என் கண் உறையில் இருந்த பெயர்களில் விழுந்தது. இடமிருந்து வலமாக. படம் திரும்பியதும் ஆட்களும் இடம் மாறிவிட்டார்கள். இதுவரை முதல் தலைவர் என்று நாங்கள் கொண்டாடிய மனிதர் ஸ்டோர் கீப்பர். எதிரே, சப்பை மூக்கோடு, தாடியைத் தடவிக்கொண்டிருந்தவர்தான் செயலாளர் சேரின் பூட்டனார்.

"அப்ப அந்த மூக்கு?" என்றார் பல்லுக்கட்டியார் மெதுவாக.

"ஸ்டோர் கீப்பர்ர மூக்கு ஐயா."

படியில் சப்பாத்துச் சத்தம் கேட்டது. சேர் பத்து நிமிடம் முந்தியே வந்துவிட்டார்.

எப்படிச் சொன்னேன் என்று எனக்கு நினைவில்லை. குதிரையில் தொடங்கிப் பலகைக்கு வந்து, பைகளைக் காட்டி, கடைசியாக மூக்குக்கு வந்தேன். சேர் திரையைப் பார்த்தார். முதல் பக்கத்தில் எதிரெதிரே இருந்த இரண்டு மூக்கையும் பார்த்தார். தன் மூக்கைத் தொட்டும் பார்த்தார்.

"ரெண்டு மாசமா ஸ்டோர் கீப்பரையா நான் கும்பிட்ட?" அவருடைய குரல் கீச்சென்று ஏறியது. "வீட்டில பெரிசாக்கிச் சாமி அறையில வச்சிரிக்கன்! ஆரு இந்தத் தகட்டத் திருப்பி வச்ச?"

வாயைத் திறந்தேன். கடிதம், அப்பாவின் சாரம், கடைசிப் பக்கத்துப் பெயர் எல்லாம் ஒன்றாக முன்னால் வந்து நின்றன.

"நாந்தான்" என்றார் பல்லுக்கட்டியார். "ஸ்கேன் பண்ணின அண்டைக்குக் குதிரையப் பாக்கிறதுக்கு மிசினில இரிந்து தகட்ட எடுத்த. மறுகா பிழையான பக்கம் வச்சிட்டன். இந்தப் புள்ளதான் இப்ப கண்டுபிடிச்ச."

அவர் அந்தத் தகட்டைத் தொட்டதே இல்லை. மாவுக் கையென்று நான்தான் தொட விடவில்லை. அந்த இடத்தில் நான் பேசியிருக்க வேண்டும். பேசவில்லை.

"வெளியில போங்க!" என்றார் சேர். "இனி இந்தக் கட்டடத்துக்குள்ள கால் வைக்கப்படாது. குதிரையும் இல்ல, கழுதையும் இல்ல!"

கேற்றடியில் ஓடிப்போய்ச் சைக்கிளைப் பிடித்தேன். "ஏன் ஐயா பொய் சொன்ன?"

"என்னை வெளியில விட்டா எனக்குப் பல்லுக் கட்டுற வேலை இரிக்கு. உன்னை விட்டா?" பெடலில் காலை வைத்தார். "போய்ப் பேர்களச் சரியா மாத்துகா. நாலு மணியாகப் போகுது."

நூல் சரியாக வந்தது. மூக்குப் பக்கத்தை எடுத்துவிட்டு அங்கே வாவியின் படம் ஒன்றைப் போட்டோம். ஞாயிற்றுக்கிழமை அப்பா புதுச் சாரத்தோடு வந்து, கடைசிப் பக்கத்தில் என் பெயரின் மேல் விரலை வைத்து, "இதா? இதா?" என்று இரண்டு முறை கேட்டார். அம்மா நூலை முந்தானைக்குள் சுற்றி வைத்துக்கொண்டார். அடுத்த மாதம் நிரந்தரக் கடிதமும் வந்தது. எல்லாம் நான் ஆசைப்பட்டபடி. பத்து நாள் எனக்கு நித்திரை மட்டும் வரவில்லை.

மூன்று வருடமாகப் பல்லுக்கட்டியார் கழகத்துக் கேற்றைத் தாண்டியதில்லை. அந்த வீதியால் போகும்போது சைக்கிளை நிறுத்தி வாசற்காவலரிடம், "பெட்டியத் திறந்தாங்களா?" என்று மட்டும் கேட்பாராம். என்னைக் காட்டிக் கொடுக்கவும் இல்லை. வாரத்துக்கு ஒருதடவை எந்த வீட்டிலோ எடுத்த சதுரங்கப் படம் ஒன்றை வாட்ஸ்அப்பில் அனுப்புவார். கீழே ஒரு வரி இருக்கும்: "பைகளைப் பார்த்துவிட்டேன். நேர்தான்."

செயலாளர் சேர் இந்த வார இதழை ஒரு பக்கம் விடாமல் வாசிக்கிறவர். அதனால்தான் இதை இங்கே எழுதுகிறேன். சேர், தகட்டைத் திருப்பி வைத்தது நான்தான். அந்த மனிதர் அதைத் தொடவே இல்லை. கடிதத்தைத் திருப்பிக் கேட்டால் கொண்டுவந்து தருகிறேன். அப்பாவிடம் நானே சொல்லிக்கொள்வேன். நீங்கள் பெட்டியை ஒருதரம் திறந்து அவரை உள்ளே விட வேண்டும். அவர் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் மிகவும் மெதுவாகத்தான் பார்ப்பார். தயவுசெய்து அவரை அவசரப்படுத்த வேண்டாம்.